தரை இறங்கிய ஊர்: ஃபென் நாட்டு பாரிஷ் ஒன்றின் வரலாற்றைத் தேடத் தொடங்குவது எப்படி

ஹோம் ஊருக்கு வெளியே, பிர்ச் மரக்காட்டின் ஓரத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், என் தலைமேல் இன்னொருவரை ஏற்றி நிறுத்தினாலும் உச்சி எட்டாது. சுமார் 4 மீட்டர் உயரம். 1851இல் அதை நட்டபோது உச்சி தரைமட்டத்தில்தான் இருந்தது. தூண் வளரவில்லை, தரை இறங்கிவிட்டது.

கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக் மூன்றும் ஒட்டிக்கொள்ளும் கிழக்கு இங்கிலாந்துத் தாழ்நிலத்துக்கு ஃபென் என்று பெயர். ஒரு காலத்தில் நாணலும் சதுப்பும் ஏரியுமாகக் கிடந்த பகுதி. இன்று கண்ணுக்கு எட்டியவரை தட்டையான கருப்பு வயல். அதற்குள் இருக்கும் சிற்றூர்கள் வெளியிலிருந்து பார்க்கச் சுவையற்றவை. மலை இல்லை, கோட்டை இல்லை, பெரிய மனிதர் பிறந்த வீடு என்று ஒரு பலகைகூட இருக்காது. ஆனால் ஊர் வரலாறு தேடுகிறவருக்கு இதைப் போல வசமான இடம் குறைவு. இங்கே ஒவ்வொரு நூற்றாண்டிலும் யாரோ ஒருவர் தண்ணீரைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறார், வரி கட்டியிருக்கிறார், வழக்குப் போட்டிருக்கிறார். காகிதம் நிறைய இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, ஹோம் என்ற இந்த ஒரே ஊரை எடுத்துக்கொண்டு வழி சொல்கிறேன். பீட்டர்பரோவுக்குத் தெற்கே ஏழெட்டு மைலில், லண்டனிலிருந்து வடக்கே போகும் பெரிய ரயில்பாதையை ஒட்டிய ஊர். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

ஒன்று மட்டும் முதலிலேயே. இங்கிலாந்தில் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தேவாலயத்தில் தொடங்கி, பண்ணை மாளிகைக்குப் போய், அங்கிருந்து குடும்பங்களுக்கு வருவார்கள். ஃபென்னில் அந்த வரிசை சரிப்படாது. எந்த ஆண்டை எடுத்தாலும் முதல் கேள்வி, அந்த ஆண்டு தண்ணீர் எங்கே நின்றது, அதை வெளியேற்ற யார் பணம் கொடுத்தார்கள் என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

முதல் படி: எந்த பாரிஷ் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது அலுப்பான வேலை. இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்து நான் ஒரு முழு நாளை இழந்தேன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து ஹோம், ஹோம் என்று பழைய பதிவேடுகளைத் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. மதியம் காப்பி குடிக்கப் போன இடத்தில் பக்கத்து மேசைக்காரர் போகிறபோக்கில் கேட்டார்: "கிளாட்டன் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. ஹோம் நெடுங்காலம் தனி பாரிஷ் அல்ல, கிளாட்டன் தேவாலயத்தின் கீழிருந்த கிளை ஆலயம். பண்ணைக்கே 'ஹோமோடு சேர்ந்த கிளாட்டன்' என்றுதான் ஆவணங்களில் பெயர். நான் தேடியவர்களெல்லாம் கிளாட்டன் ஏட்டில் இருந்தார்கள். இங்கிலாந்தின் நிலங்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்த 1086இன் டூம்ஸ்டே கணக்கிலும் பார்க்க வேண்டியது கிளாட்டனைத்தான்.

பாரிஷ் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று தேவாலயத்தைச் சேர்ந்த பாரிஷ். நம் கிறித்தவர்கள் பங்கு என்றோ சேகரம் என்றோ சொல்வது. மற்றது அரசு நிர்வாகத்துக்கான பாரிஷ், கிட்டத்தட்ட நம் ஊராட்சி. 1894இன் சட்டம்தான் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சிலைக் கொடுத்தது. இரண்டின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கவுண்டியும், அதாவது நம் மாவட்டம் போன்றதும், மாறியிருக்கும். ஹோம் பழைய ஹண்டிங்டன்ஷயரைச் சேர்ந்தது. 1965இல் அது பீட்டர்பரோவோடு சேர்க்கப்பட்டு, 1974இல் கேம்பிரிட்ஜ்ஷயருக்குள் போனது. பேராயமோ 1837 வரை லிங்கன், அப்புறம் ஈலி. ஆகவே பழைய உயில்களையும் ஆயர் அலுவலகத்துக்குப் போன நகல்களையும் தேடும்போது லிங்கனையும் ஒரு கண் பார்க்க வேண்டும். இப்போதைய ஆவணங்களில் பெரும்பாலானவை ஹண்டிங்டன் நூலகத்தில் உள்ள ஹண்டிங்டன்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ்ஷயர் காப்பகம் ஈலி நகரில் இருக்கிறது. இரண்டும் தனித்தனி இடங்கள். கிளம்புமுன் எது எங்கே என்று பட்டியலைப் பார்த்து, முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: தாய்த் தேவாலயம் எது, கவுண்டி எது, பேராயம் எது, எந்த ஆண்டு எது மாறியது. கோப்பின் முதல் பக்கமாக அது இருக்கட்டும்.

இரண்டாம் படி: பெயரைப் பிரித்துப் பாருங்கள்

ஹோம் என்று காதில் விழுந்ததும் வீடு என்று தோன்றும். சம்பந்தமில்லை. பழைய நார்ஸ் மொழியில் ஹோல்ம் என்றால் தண்ணீருக்கு நடுவே மேடாக நிற்கும் நிலம், திட்டு. சுற்றிச் சதுப்பு, நடுவில் காய்ந்த மேடு, அதில் ஊர். கும்பகோணம் பக்கத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆற்றுப் படுகையில் எத்தனை திட்டுகள் இல்லையா?

அக்கம்பக்கத்து ஊர்களையும் பாருங்கள். ராம்ஸி, விட்டில்ஸி, தார்னி எல்லாம் தீவு என்று பொருள்படும் பழைய ஆங்கில ஈற்றோடு முடிகின்றன. இந்தப் பெயர்களை வரைபடத்தில் வட்டமிட்டாலே, வடிகால் வெட்டுவதற்கு முன்னால் எது தரை, எது தண்ணீர் என்று ஓரளவு விளங்கிவிடும்.

அப்புறம் ஆவணங்களில் அடிக்கடி வரும் சில சொற்கள். லோட் என்றால் பழைய வாய்க்கால், படகு போகும் அளவு அகலமானது. ட்ரோவ் என்றால் மாடுகளை ஓட்டிப்போன அகலப் பாதை. மியர் என்றால் ஏரி. டைக் என்பது இந்தப் பகுதியில் பள்ளத்தையும் குறிக்கும், கரையையும் குறிக்கும், வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 17ஆம் நூற்றாண்டுக் காகிதத்தில் அட்வென்ச்சரர் என்று வந்தால் சாகசக்காரர் அல்ல, வடிகால் திட்டத்தில் பணத்தைப் பணயம் வைத்துப் பதிலுக்கு நிலம் வாங்கிக்கொண்டவர். அண்டர்டேக்கர் என்று வந்தால் சவ அடக்கம் செய்பவர் அல்ல, வேலையை ஏற்றுச் செய்தவர். இந்த இரண்டிலும் விழுந்து எழுந்தவர்கள் ஏராளம்.

தேடுபெட்டியில் ஹோம் என்று மட்டும் போட்டால் யார்க்ஷயரிலும் நார்ஃபோக்கிலும் உள்ள ஹோம்கள் எல்லாம் வந்து கொட்டும். கவுண்டிப் பெயரோடு சேர்த்தே தேடுங்கள், அதுவும் பழைய கவுண்டிப் பெயரோடு.

மூன்றாம் படி: காகிதத்துக்கு முன்னால் கால் நடக்கட்டும்

ஒருமுறை போய் நடந்துவிட்டு வாருங்கள். மார்ச், ஏப்ரல் நல்லது. பயிர் எழும்பியிருக்காது, மண் தெரியும். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். ரயில்வே கேட்டில் காத்திருக்க நேரிடும், அவசரப்படாதீர்கள்.

பார்க்க வேண்டியவை இவை. சாலை வயலைவிட உயரத்தில் இருக்கிறதா? தார்ச்சாலை அலை அலையாக ஏறி இறங்குகிறதா? வாய்க்காலின் நீர்மட்டம் பக்கத்து வயலைவிட மேலே இருக்கிறதா? இந்த ஊருக்கு வரும் புதியவரை முதலில் திகைக்க வைப்பது இதுதான்: கரைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அதற்குக் கீழே உழவு நிலம்.

காரணம் அந்தக் கருமண். பீட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்குள் மட்காமல் படிந்த நாணலும் பாசியும். கையில் எடுத்தால் கனமே இருக்காது, பிடித்துவிட்டால் விரலிடுக்கில் காப்பித்தூள் போல ஒட்டும். நீருக்குள் இருக்கும்வரை அப்படியே கிடக்கும். நீரை வடித்தால் முதலில் சுருங்கும், அப்புறம் காற்றுப் பட்டு மட்கி, வாயுவாகிக் காணாமல் போகும். மிச்சத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். வசந்தத்தில் வீசும் அந்தப் புழுதிக்காற்றை இங்கே ஃபென் ப்ளோ என்கிறார்கள். விதைத்த விதையும் சேர்ந்து பறந்துவிடும்.

இப்போது தூணிடம் வருவோம். ஊரை ஒட்டிக் கிடந்த விட்டில்ஸி ஏரியை வடித்தால் நிலம் இறங்கும் என்று இங்கிருந்த நிலக்கிழார் வில்லியம் வெல்ஸுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அதனால் சுமார் 22 அடி ஆழமான பீட்டைத் துளைத்து, அடியிலிருக்கும் களிமண்ணில் ஊன்றி, உச்சி தரையோடு சமமாக இருக்கும்படி தூணை இறக்கினார்கள். 1860க்குள்ளேயே நாலரை அடிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. அப்புறம் வேகம் குறைந்தது. 1957இல் பக்கத்தில் இன்னொரு தூணும் நட்டார்கள். கடல்மட்டத்துக்குச் சுமார் 2.75 மீட்டர் கீழே இருக்கும் இந்த இடம்தான் பிரிட்டனிலேயே மிகத் தாழ்வான நிலம் என்கிறார்கள்.

அந்தத் தூண் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலிருந்து வந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் 1851இல் அந்தக் கண்ணாடி மாளிகை ஹைட் பார்க்கில் கண்காட்சிக் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருக்கும் கட்டடத்திலிருந்து தூணை உருவ முடியுமா? அதே வார்ப்பில் செய்த, மிஞ்சிப்போன தூணாக இருக்கலாம். இப்படிக் கதை வரும்போது தூக்கி எறியாதீர்கள், அப்படியே நம்பவும் செய்யாதீர்கள். 'ஊர்ச்சொல்' என்று தலைப்பிட்டுத் தனி ஏட்டில் எழுதுங்கள். அந்த ஏடு சீக்கிரம் நிறையும்.

நான்காம் படி: வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம் என்று வைத்து ஒரே சமயத்தில் நகர்த்தலாம். ஒரு மாலை நேரம் போவதே தெரியாது.

முதலில் பாரிஷ் எல்லைக் கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். ஃபென் ஓரத்து ஊர்களின் எல்லை பெரும்பாலும் நீளமான பட்டையாக இருக்கும். ஒரு முனை மேட்டுக் களிமண்ணில், மறுமுனை சதுப்புக்குள். மேட்டில் தானியம், சரிவில் மேய்ச்சல், பள்ளத்தில் மீனும் நாணலும் எரிக்கப் பீட்டும் என்று ஒவ்வொரு ஊரும் எல்லாவற்றிலும் பங்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. கோடு வளைந்து வளைந்து போனால் அங்கே பழைய ஓடை இருந்திருக்கும். ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேராகப் போனால் வடிகால் வந்தபின் போட்ட கோடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஜான் பாட்ஜர் 1786இல் வெளியிட்ட விட்டில்ஸி ஏரி வரைபடம். ஹோம் வரலாற்றின் நடுநாயகம் இந்த ஏரிதான். தாழ்நில இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரி. கோடையில் சுமார் 1,600 ஏக்கர், மழைக்காலத்தில் 3,000 ஏக்கர் வரை விரியும். ஆழம் குறைவு. டூம்ஸ்டே கணக்கிலேயே ராம்ஸி, பீட்டர்பரோ, தார்னி மடாதிபதிகள் இங்கே படகு வைத்திருந்தது பதிவாகியிருக்கிறது. படகுப் போட்டி, குளிர்காலத்தில் உறைந்தால் பனிச்சறுக்கு, விலாங்கு மீன், நாணல் அறுப்பு என்று ஒரு நாட்டுக்கே பிழைப்பு. இன்றைய படத்தில் அந்த இடத்தைத் தேடுங்கள். கோதுமை வயல்தான் இருக்கும்.

மூன்றாவதாக லைடார். விமானத்திலிருந்து லேசர் அடித்து நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்த படம். சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தருகிறது, மேலே சொன்ன நூலகத் தளத்திலேயே பார்க்கலாம். இதில் ஃபென் வேறு முகம் காட்டும். வயல்களுக்கு நடுவே பாம்பு நெளிவது போல ஒரு மேடு ஓடும். ரோடன் என்பார்கள். அது பழைய ஆற்றின் தடம். ஆறு கொண்டுவந்த வண்டல் சுருங்காது, சுற்றியிருக்கும் பீட் சுருங்கிவிடும். ஆகவே ஒரு காலத்துப் பள்ளம் இன்று மேடு. ஃபென்னின் பழைய வீடுகள் சில ஏன் விசித்திரமான இடத்தில் வரிசையாக நிற்கின்றன என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைக்கும். வண்டல் மேட்டில் கட்டினால் வீடு சாயாது.

தசமபாக வரைபடங்கள் என்று ஒரு வகையுண்டு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று தேவாலயத்துக்குக் கொடுத்த வரிக்காக 1836 சட்டத்தை ஒட்டி வரைந்தவை. நிலத்தின் உரிமையாளர், குத்தகைக்காரர், பயிர் எல்லாம் அதில் இருக்கும். எல்லா பாரிஷுக்கும் கிடைக்காது. இல்லாவிட்டால் பொதுநிலத்தைப் பங்குபோட்ட என்க்ளோஷர் தீர்ப்பைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர்க் காகிதம்

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. எனக்கோ இதுதான் முதல் தரம்.

சுருக்கமான பின்னணி: 1630இல் பெட்ஃபோர்ட் பிரபு ஃபென்னின் தென்பகுதியை வடிக்க ஒப்புக்கொண்டார், 13 பங்காளிகள் சேர்ந்தார்கள். டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்மூய்டன் வந்தார். 1637இல் 21 மைல் நீளமுள்ள நேர்க்கோட்டு ஆற்றை வெட்டி முடித்தார்கள், அதற்கு இணையாக 1651இல் இன்னொன்று. டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக்காரர்களையும் பின்னர் டச்சுக் கைதிகளையும் மண்வெட்ட வைத்தார்கள். 1663இல் பெட்ஃபோர்ட் லெவல் கார்ப்பரேஷன் என்ற நிர்வாகம் உருவானது. வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று பிரிவு. ஹோம் நடுப்பிரிவு.

இந்த நிர்வாகத்தின் ஆவணங்கள் கேம்பிரிட்ஜ்ஷயர் காப்பகத்தில் இருக்கின்றன. கூட்டக் குறிப்பு, மனு, கணக்கு, மராமத்துச் செலவு என்று குவியல். கரை உடைந்தது, பக்கத்து ஊர்க்காரன் மதகைத் திறந்துவிட்டான், வாய்க்காலில் களை மண்டிவிட்டது, வரி அதிகம் என்கிற ரகம். படிக்கும்போது தஞ்சாவூர்ப் பொதுப்பணித்துறைக் கோப்பைப் புரட்டுவது போலவே இருக்கும், என்ன, அங்கே தண்ணீர் வரவில்லை என்று மனு, இங்கே தண்ணீர் போகவில்லை என்று மனு. பெரிய பிரபுக்கள் பெயரைவிட இந்த மனுக்களில்தான் சாதாரண விவசாயி பெயர் வரும்.

பிறகு நீரை இறைத்த வகை எப்படி மாறியது என்று ஒரு வரிசை எழுதிக்கொள்ளுங்கள். நிலம் இறங்க இறங்க வாய்க்கால் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்க வேண்டியதாயிற்று. முதலில் காற்றாலை, பிறகு நீராவி, டீசல், இப்போது மின்சாரம். வடித்ததால் நிலம் இறங்கியது, இறங்கியதால் இன்னும் இறைக்க வேண்டியிருந்தது. 400 ஆண்டுக் கதை இந்தச் சுழற்சிதான்.

ஹோமில் அது உச்சத்துக்கு வந்தது 1850ஐ ஒட்டிய மூன்று நான்கு ஆண்டுகளில். 1844இன் சட்டப்படி வெட்டிய நடுப்பிரிவுப் பெருவாய்க்கால் 1848இல் முடிந்ததும்தான் விட்டில்ஸி ஏரியின் நீர் போக வழி கிடைத்தது. 1850இல் ரயில் வந்தது. பீட் மேல் தண்டவாளம் அமிழாமல் இருக்க விறகுக்கட்டுகளை மெத்தை போல அடுக்கி அதன்மேல் பாதை போட்டார்கள். 1851இல் ஏரிக்கரையை வெட்டினார்கள். வெளியேறாமல் தங்கிய நீரை இறைக்க அப்போல்டு என்பவரின் மையவிலக்கு பம்பு, அதே ஆண்டு லண்டன் கண்காட்சியில் எல்லோரும் வாய்பிளந்து பார்த்த இயந்திரம். சேற்றில் துள்ளிய மீனை அள்ளச் சுற்றுவட்டாரமே கூடையும் வண்டியுமாகத் திரண்டது. புதையாமலிருக்கக் காலில் பலகை கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். 1852 நவம்பரில் வெள்ளம் கரையை உடைத்து ஏரியைத் திரும்ப நிரப்பியது. பம்பு மறுபடி இறைத்தது.

இவ்வளவும் வெல்ஸே 1860இல் ராயல் வேளாண் சங்கத்தின் இதழில் எழுதியிருக்கிறார். இணையத்தில் கிடைக்கும், படியுங்கள். ஆனால் யார் எழுதியது என்பதை மறக்காதீர்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் எழுதியது அது, விலாங்கு பிடித்துப் பிழைத்தவர் எழுதியதல்ல. ஊர் பப்புக்கே அட்மிரல் வெல்ஸ் என்றுதான் பெயர், அந்தக் குடும்பத்தின் நிழல் அவ்வளவு நீளம். நாணல் அறுத்தவர்களின் தரப்பை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

ஆறாம் படி: அந்த வேறிடம்

அதாவது தேவாலயப் பதிவேடும் மக்கள்தொகைக் கணக்கும்.

பதிவேடு வைக்கும் வழக்கம் 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் போட்ட உத்தரவோடு தொடங்கியது. எல்லா ஊரிலும் அவ்வளவு பழைய ஏடு மிஞ்சவில்லை. ஏடு தொலைந்திருந்தால் ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பிய நகல் கைகொடுக்கலாம், 1598 முதல் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். 1754 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு, ஓலை வாசித்ததையும் எழுதியாக வேண்டும். 1813 முதல் அச்சடித்த படிவம். 1837 ஜூலை முதல் அரசுப் பதிவு.

இரண்டு எச்சரிக்கை. 1752க்கு முன் இங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். 1710 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் அது நம் கணக்கில் 1711. கல்யாணத்துக்கு முன்னால் குழந்தையா என்று பதறுவதற்குள் இதைச் சரிபாருங்கள். இன்னொன்று கையெழுத்து. பழைய எழுத்து முதலில் கோழி கிளறியது போலத்தான் தெரியும். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசப் பயிற்சி இருக்கிறது. தெரிந்த காலத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள், 1830இல் தொடங்கி 1600க்கு. பழகிவிடும்.

1813க்குப் பிந்தைய அடக்க ஏட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பக்கத்துக்கு எட்டுப் பெயர். பெயர், வசிப்பிடம், அடக்க நாள், வயது, நடத்திய குருவின் கையெழுத்து. வயதுக் கட்டத்தில் மட்டும் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். எட்டில் எத்தனை பேர் ஒரு வயதுகூட ஆகாதவர்கள் என்று ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் எண்ணைக் குறியுங்கள். இருபது பக்கம் கழித்து அந்த எண்களைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேசத் தோன்றாது.

ஃபென் ஊர்களில் இதற்குப் பின்னால் ஒரு பின்னணி உண்டு. சதுப்பு நிலத்தில் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, வீட்டுக்கு வீடு. அதற்கு மருந்து கசகசாக் காயைக் கொதிக்கவைத்த கஷாயமும் கடையில் வாங்கிய அபினும். அம்மா வயல் வேலைக்குப் போகும்போது குழந்தை அழாமலிருக்க அபின் கலந்த மருந்து. 1860களில் அரசு மருத்துவ அறிக்கைகள் இந்தப் பகுதியின் குழந்தைச் சாவையும் அபினையும் சேர்த்துப் பேசின. உங்கள் ஏட்டில் உள்ள குழந்தை எதனால் இறந்தது என்று அடக்கப் பதிவு சொல்லாது. 1837க்குப் பிறகென்றால் அரசு இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்கும், கட்டணம் கட்டி வாங்கலாம்.

ஞானஸ்நான ஏட்டில் 1813 முதல் தந்தையின் தொழில் எழுதியிருக்கும். அதை மக்கள்தொகைக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். பெயர்வாரியாகக் கணக்கு கிடைப்பது 1841 முதல். 1851 கணக்கில்தான் பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் வருகின்றன. அது எடுக்கப்பட்டது 1851 மார்ச் 30 ஞாயிறு இரவுக்கு. ஏரி போகவிருந்த ஆண்டு! ஹோமுக்கும் சுற்று ஊர்களுக்கும் 1841, 1851, 1861 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே குடும்பத்தைப் பின்தொடருங்கள். மீனவர், நாணல் அறுப்பவர், படகுக்காரர் என்று இருந்த பெயர்கள் பத்தாண்டு கழித்து எங்கே? அதே வீட்டிலா, விவசாயக் கூலியாகவா, ரயில்வேயிலா, ஊரைவிட்டா? விவசாயக் கூலி என்பதை 'ஏஜி லேப்' என்று சுருக்கி எழுதியிருப்பார்கள், சலிக்கச் சலிக்க வரும். இந்த மூன்று பட்டியலையும் ஒப்பிடுவதற்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. நீங்கள் எழுதப்போகும் வரலாற்றில் வேறு யாரும் எழுதியிராத பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

1931 கணக்கு 1942இல் தீயில் போயிற்று, 1941இல் எடுக்கவே இல்லை. ஆகவே 1921க்குப் பிறகு, போர் தொடங்கியதும் ஆள்வாரியாக எடுத்த 1939 பதிவேடுதான் துணை. கட்டணத் தளங்களுக்கு உடனே பணம் கட்டாதீர்கள். பல கவுண்டி நூலகங்களில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம்.

ஏழாம் படி: பொருள்கள் பேசுவதைக் கேளுங்கள்

1850இல் விட்டில்ஸி ஏரியிலிருந்து வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய ஒரு தூபக்கலசமும், சாம்பிராணி வைக்கும் படகு வடிவக் கிண்ணமும் கிடைத்தன. கிண்ணத்தின் இரு முனையிலும் செம்மறிக்கடாத் தலை. ஆங்கிலத்தில் கடாவுக்கு ராம். ராம்ஸி மடத்துக்காரர்களின் சிலேடை. இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராம்ஸி மடம் 1539இல் கலைக்கப்பட்டது. அப்போது ஒளித்துக் கொண்டுபோகையில் படகு கவிழ்ந்ததா, வேண்டுமென்றே போட்டார்களா? ஊர்ச்சொல் ஏட்டுக்கு இன்னொரு பக்கம்.

பீட் எதையும் விட்டுவைக்கும். உழும்போது கன்னங்கரேல் என்ற முழு ஓக் மரங்கள் கிடைக்கும், வயல் ஓரத்தில் இழுத்துப் போட்டிருப்பார்கள். 1940 நவம்பரில் ஹோம் ஃபென்னில் விழுந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை 2015இல் தோண்டி எடுத்தார்கள். மெட்டல் டிடெக்டரோடு கிளம்பிவிடாதீர்கள். நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது, ஹோம் ஃபென் பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடம் வேறு.

எட்டாம் படி: ஆட்களிடம் பேசுங்கள், அப்புறம் எழுதுங்கள்

பாரிஷ் கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல், தேவாலயப் பொறுப்பாளருக்கு ஒன்று. முன்கூட்டி எழுதாமல் கதவைத் தட்டினால் இங்கே பிடிக்காது. "உங்கள் ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "1947 மார்ச் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது?", "வாசற்படியை எத்தனை தடவை கூட்டிக் கட்டினீர்கள்?", "பம்பு எஞ்சின் சத்தம் இந்த வீட்டுக்குக் கேட்குமா?" என்று கேளுங்கள். பேச்சு நிற்காது. அவரவர் சொன்னதைத் தேதியோடு குறித்து, அச்சில் போடலாமா என்று அனுமதி வாங்குங்கள்.

எழுதும்போது முழுப் புத்தகம் என்று மலைக்க வேண்டாம். ஓர் ஏரி, ஒரு வாய்க்கால், ஒரு ட்ரோவ், இருபது பக்கம் போதும். 50 ஆண்டுக்கு மேற்பட்ட ஆர்ட்னன்ஸ் வரைபடத்துக்கு அரசின் பதிப்புரிமை முடிந்திருக்கும். ஆனால் அதை ஸ்கேன் செய்து தந்த தளத்தின் நிபந்தனையைப் பாருங்கள். எது ஏட்டில் கண்டது, எது ஒருவர் சொன்னது, எது உங்கள் ஊகம் என்று வாசிப்பவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

ஒரு பிரதியை ஹண்டிங்டன் காப்பகத்துக்கும் ஒன்றைத் தேவாலயத்துக்கும் கொடுங்கள். கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் கடிதம் போடுவார், என் தாத்தா மதகுக்காவலர் இல்லை, பம்பு எஞ்சின்காரர், தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று. கோபப்படாமல் போய் அவர் வீட்டில் ஒரு டீ குடியுங்கள். பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து போட்டோ வெளியே வரும்.